மூன்றாவது வரிசை இருளாயி

"இந்த மிஷினுக்குக் கண்ணாடி தின்னத் தெரியாதுலா, தங்கச்சி," என்றார் கடை முதலாளி ஃபூங் தவுக்கே.

நவமணி கவுண்டர்மேல் கிடந்த கண்ணாடித் தட்டைப் பார்த்தாள். பிறகு தவுக்கேயின் முதுகுக்குப் பின்னால் பாதிக் கடையை அடைத்துக்கொண்டு நின்ற புது மிஷினைப் பார்த்தாள். அதன் மேல் ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். ஈப்போவில் ஒரு மணி நேரத்தில் கலர் படம் கழுவித் தருவது இந்தக் கடைதான் என்று வாசலில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"பழைய மிஷின் எங்கே?"

"வித்தாச்சு. கறுப்பு வெள்ளை இப்ப யார் கேக்குறா?"

"நான் கேக்குறேன். ஒரு படம். ஒரே ஒரு படம்."

தவுக்கேயின் அப்பா ஒவ்வொரு ஜனவரியும் மூணாங்கட்டைத் தோட்டத்துக்குப் போய், மொத்தத் தொழிலாளர்களையும் ஐந்து வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பார். முன்வரிசையில் ஒரு பிள்ளை, வருஷம் எழுதிய சிலேட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்படி இருபத்துநாலு வருஷம், இருபத்துநாலு கண்ணாடித் தட்டு. 1956ஆம் வருஷத் தட்டில், மூன்றாவது வரிசையில், கங்காணிக்குப் பக்கத்தில் நிற்பது நவமணியின் அம்மா இருளாயி.

அந்த இருளாயி இந்த நாட்டுக்காரிதான் என்பதற்கு அந்தத் தட்டை விட்டால் வேறு ஆதாரம் இல்லை. தோட்டத்து லயக் குடியிருப்பில் மருத்துவச்சி கையில் பிறந்தவளுக்கு யார் பிறப்புப் பத்திரம் எடுத்தார்கள்? நாற்பத்தெட்டு வயதாகியும் கையில் குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை, சிவப்பு ஐ.சி.தான். வேலை பார்க்கும் ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலையில், அடுத்த மாதத்திலிருந்து சிவப்பு ஐ.சி.க்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குடியுரிமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது: வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, சுதந்திரத்துக்கு முன்பே இங்கே இருந்ததற்கான ஆதாரத்தோடு வரவும். நாலு வருஷத்தில் இது மூன்றாவது கடிதம். இதுவே கடைசி என்றும் எழுதியிருந்தது.

தோட்டத்து ஆபீசில் கேட்காமல் இல்லை. "பழைய ரிஜிஸ்டரெல்லாம் கரையான் அரிச்சிருச்சும்மா," என்று கணக்கெழுதும் கிராணி நாற்காலியை விட்டு எழாமலே சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டு அம்மா முணுமுணுத்தாள். "கரையானா? சாவு விழுந்தா மட்டும் அந்தப் புஸ்தகம் எங்கேருந்துதான் வருமோ. பேரு இருந்தாத்தானே பெட்டிக்குப் பலகையும் லாரியும் குடுப்பானுங்க. உங்கப்பன் செத்தப்ப நகல் காயிதத்தோட வந்துச்சுல்ல."

நவமணிக்குப் புலம்பல் பிடிக்காது. அவள் பட்டதாரி. கோலாலம்பூரில் மூன்று வருஷம் படித்தவள். ஆதாரம் என்றால் ஆதாரத்தைத் தேடிப் போவாள்.

"பழைய மிஷினை யாருக்கு வித்தீங்க?"

"பீடோர்ல இராமசாமி. டச்சிங் பண்றவன்." தவுக்கே குரலைத் தாழ்த்தினார். "போறதுன்னா சீக்கிரம் போ. இந்தக் கண்ணாடி எல்லாம் மாசக் கடைசியில கோழிப்பண்ணைக்குப் போகுது. ஜன்னல் போட நல்லா இருக்கும்னான்."

நவமணி ஏதோ சொன்னாள். அதை அவள் பல்கலைக்கழகத்தில் கற்றிருக்க முடியாது. அரை மணி நேரம் கழித்து இருபத்துநாலு தட்டையும் பழைய செய்தித்தாளில் சுற்றி, டாக்சியில் வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டிலுக்கு அடியிலும் அம்மா பாய் விரிக்கும் இடத்திலும் அடுக்கினாள்.

அம்மா குனிந்து பார்த்தாள். "தோட்டத்தையே தூக்கிட்டு வந்துட்ட. நா இன்னிக்கி எங்கடி படுக்குறது? புரண்டு படுத்தா கங்காணி ஒடஞ்சிருவான்."

ஞாயிற்றுக்கிழமை 1956ஐ மட்டும் மடியில் வைத்துக்கொண்டு நவமணி பீடோர் பஸ்ஸில் ஏறினாள். ஒவ்வொரு குழிக்கும் பஸ் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் மூச்சை நிறுத்தினாள்.

இராமசாமியின் கடை பஸ் நிலையத்துக்கு எதிரே. சுவர் முழுக்கச் செத்தவர்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி மாலை, ஒரே மாதிரி குத்துவிளக்கு. குழுப் படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, பொட்டு வைத்து, மாலை போட்டுத் தருவதுதான் அவர் தொழில். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் யார் செத்தாலும் கருமாதிக்குள் இந்தக் கடைக்கு வந்தாக வேண்டும்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குரலை இறக்கிக் கேட்டார். "எப்பம்மா தவறுனாங்க?"

"யாரும் தவறல. வீட்டுல மீன் கழுவிக்கிட்டு இருக்காங்க."

"அப்பறம் படம் எதுக்கு?"

"உசுரோட இருந்தாங்கன்னு காட்ட."

"அதுக்கு ஆளையே கூட்டிட்டுப் போலாமே."

"அண்ணே, இப்ப இல்ல. இருவத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி உசுரோட இருந்தாங்கன்னு காட்டணும்."

இராமசாமி தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த மாதிரி வேலை எனக்கு வந்ததே இல்ல," என்றார். "அதோட, இந்தத் தட்டு அளவுக்குப் பேப்பர் இப்ப வர்றதில்லம்மா. கம்பெனிக்காரன் நிறுத்திட்டான். எங்கிட்ட இருக்கறதெல்லாம் சாவுப்பட அளவுதான். ஒரு மொகம் புடிக்கும்."

"ரெண்டு தாளா எடுத்து ஒட்டுங்க."

"ஒட்டலாம். ஆனா உசுரோட இருக்கறவங்கள எங்கையால பெருசு பண்ணி..."

"அண்ணே."

"சரி, சரி. புதன்கெழம வா."

நவமணி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். முழுப் படமும் வர வேண்டும். சிலேட்டில் வருஷம் தெரிய வேண்டும். எதையும் திருத்தக் கூடாது. இந்த முகம்தான் இருளாயி. கீழே கோடு போட்டாள். இராமசாமி அதைப் படித்து, எழுத்து மணி மணியாக இருப்பதாகப் பாராட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கள் சாயங்காலம் அவள் வேலைவிட்டு வந்தபோது மேசைமேல் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் இருந்தது.

"ஏதும்மா இவ்ளோ கொய்யா?"

"ஒருத்தங்க குடுத்தாங்க."

"இன்னிக்கி நீ வேலைக்குப் போகல?"

"காலு வலி," என்றாள் அம்மா, காலை நீட்டாமலே.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுக்கொண்டு நவமணி பீடோரில் இறங்கினாள். சாலையைக் கடக்குமுன்பே அவள் கால்கள் நின்றுவிட்டன. இராமசாமி கடையின் முன்ஜன்னலில், பஸ் ஏறும் ஜனங்களைப் பார்த்தபடி, அவள் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் முழங்கை தடிமனுக்கு மாலை. இரண்டு பக்கமும் விளக்கு. கீழே அழகான எழுத்தில்: அமரர் இருளாயி. மறைவு 1984.

உள்ளே இராமசாமி இல்லை. அவர் மனைவி பாப்பா இருந்தாள்.

"அவரு பாகான் டத்தோவுக்குப் போயிருக்காரு. அங்க ஒரு பெரிய சாவு. தேதிய மட்டும் நீங்களே எழுதிக்கிங்க, எடம் விட்டுருக்காரு."

"எங்கம்மா சாகலக்கா."

பாப்பா அவள் கையைப் பிடித்தாள். "எல்லாரும் மொதல்ல அப்படித்தாம்மா சொல்லுவாங்க."

"வருஷம் எங்கே? சிலேட்டு எங்கே? மத்த ஆளுங்க எங்கே?"

பாப்பா உள்ளே கையைக் காட்டினாள். தட்டு காய வைக்கப்பட்டிருந்தது. 1956ஆம் வருஷத்து மூணாங்கட்டைத் தோட்டம் முழுவதும், படத்தில் விழாதபடி பூசிய சிவப்பு மைக்கு அடியில் போயிருந்தது. கங்காணி போனார். துரை போனார். சிலேட்டோடு அந்தப் பிள்ளையும் போயிற்று. சிவப்புக்கு நடுவில் இருளாயியின் முகம் மட்டும், தட்டில் விட்ட ஒரு துளை போல.

"தொட்டுராத. மை காயல," என்றாள் பாப்பா.

"எவ்ளோ நாளா இந்தப் படம் ஜன்னல்ல இருக்கு?"

"நேத்துலேருந்து. நெறைய பேரு பாத்துட்டு அழுதாங்கம்மா. நல்ல மனுஷி போலருக்கு."

நவமணி படத்தைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். மாலை போட்ட படத்தோடு ஒரு பெண் ஏறியதும் மூன்று பேர் எழுந்து இடம் விட்டார்கள். நடத்துநர் டிக்கெட் கிழிக்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனார். "எங்கம்மா சாகல" என்று அவரிடமும் சொன்னாள். பக்கத்து இருக்கைப் பெரியவர் அவள் தோளில் தட்டி, தண்ணீர் கொடுத்தார்.

வீட்டில் அம்மா பெரிய சட்டியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு சட்டியில் சாம்பார் கொதித்தது.

"யாருக்கும்மா இவ்ளோ?"

"அரிசி பழசாகுது. அது என்னடி, படமா? குடு பாக்கலாம்." படத்தைத் தூர வைத்துப் பார்த்தாள். "மூக்கு நல்லாத்தான் எடுத்துருக்கான்."

"நீ செத்துட்டன்னு எழுதியிருக்கும்மா."

"எழுதுனா செத்துருவனா?"

நவமணி ஆதாரம், அலுவலகம், கடைசிக் கடிதம், வெள்ளிக்கிழமை என்று கத்திக்கொண்டிருக்கும்போதே வாசலில் லாரி வந்து நின்றது. பின்னால் பெட்டிக்கான பலகை. பலகைமேல் இருபது பேர். முதலில் இறங்கியது ராக்காயி. பழைய லயத்தில் அடுத்த வீட்டுக்காரி. மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தவள், அடுப்படியில் கரண்டியோடு நின்ற இருளாயியைக் கண்டு அப்படியே நின்றாள்.

"அடிப்பாவி. நீ சாவலையா?"

"வாக்கா. கைகால் கழுவிட்டு ஒக்காருங்க, சாப்டலாம்."

தோட்டத்துச் சங்கத் தலைவர் சதாசிவம் மலர்வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். "ஜன்னல்ல படத்தப் பாத்தவங்க வந்து சொன்னாங்க. கிராணிய எழுப்பி, பலகை எடுத்து, லாரி கேட்டு..." அவருக்குக் கோபமா வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை. "இப்ப இந்தப் பலகைய என்ன செய்யறது?"

"பலகை இருக்கட்டும் அண்ணே. காயிதம் கொண்டாந்தீங்களா?" என்றாள் அம்மா.

சதாசிவம் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். நவமணி அதைப் பிடுங்கினாள். கிழித்தெறியத்தான் பிடுங்கினாள். பிரித்ததும் கை நின்றது.

தோட்டத்து முத்திரை. கிராணியின் கையெழுத்து. பெரிய ரிஜிஸ்டர், பக்கம் 112, உண்மை நகல். பெயர்: இருளாயி. பிறப்பு: 12 மார்ச் 1936, இத்தோட்டத்து நாலாம் லயம். தகப்பன் பெயர், தாய் பெயர், வேலைக்குச் சேர்ந்த தேதி. எல்லாம் இருந்தது. கடைசி வரியில், இறந்துவிட்டதால் பெயர் அடிக்கப்பட்டது என்றும் இருந்தது.

"கரையான் அரிச்சிருச்சுன்னு சொன்னானே அந்த ஆளு," என்றாள் நவமணி.

சதாசிவம் அவளை விவரம் புரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "பேர அடிக்கணும்னா பேரத் தேடி எடுத்துத்தானேம்மா ஆகணும்?"

இருபது பேரும் சாப்பிட்டார்கள். சோறு சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. மலாய் அதிகாரி தாளை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இதில் இருளாயி இறந்துவிட்டதாக இருக்கிறது," என்றார் மலாயில்.

"ஆமாம்," என்றாள் நவமணி, பல்லைக் கடித்துக்கொண்டு. "அது தவறு."

அதிகாரி அம்மாவிடம் திரும்பினார். "மக்சிக், நீங்கள் இறந்துவிட்டீர்களா?"

"பெலும் லாகி, துவான்," என்றாள் அம்மா மரியாதையாக. இன்னும் இல்லை, ஐயா.

அவர் பேனாவை எடுத்துக் கடைசி வரியின்மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். இறப்பைத் திருத்துவது சுலபம் என்றார். பிறப்பைத்தான் யாராலும் எழுதித் தர முடியாது, அது இங்கே சரியாக இருக்கிறது. குடிமக்களுக்கான நீலக் கார்டுக்குக் கைரேகை வைக்கச் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்.

படியில் இறங்கும்போது நவமணிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. "நாலு வருஷம், மூணு கடிதம். நா படிச்ச படிப்பெல்லாம் போட்டு அலைஞ்சேன். கடைசியில ஒரு முட்டாள் பண்ண தப்புல காரியம் முடிஞ்சிருக்கு. எழுதிக் குடுத்ததப் படிக்கத் தெரியாத ஒரு ஆளு."

"அவன ஏண்டி திட்டுற. பாவம்," என்றாள் அம்மா, கொய்யாவைக் கடித்துக்கொண்டு.

சனிக்கிழமை இராமசாமி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் துணி சுற்றிய கண்ணாடித் தட்டு. மையைத் தண்ணீரில் கழுவிவிட்டாராம். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கங்காணி, துரை, சிலேட்டு, எல்லாரும் திரும்பி வந்திருந்தார்கள். அம்மா கடைக்குப் போயிருந்தாள். நவமணி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, எதையும் திருத்தக் கூடாதுன்னு கோடு போட்டு எழுதிக் குடுத்தேன்ல? உசுரோட இருக்கறவங்களுக்கு மாலை போட்டு, ரோட்டப் பாத்து வெச்சீங்களே, ஒங்களுக்கு யாரு அப்படிச் செய்யச் சொன்னது?"

இராமசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா நீ, திங்கக்கெழம மொத பஸ்ஸுக்கே வந்து, ஒஞ்சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டு, மாலைய நல்லாத் தடிப்பா போடு, பஸ்ஸுல போறவனுக்கும் தெரியற மாதிரி ஜன்னல்ல வையின்னு சொல்லி, பக்கத்துக் கடையில ஒரு பை கொய்யாவும் வாங்கிட்டுப் போனது ஒங்கம்மாதானேலா?"