உலகத்தின் கடைசிச் செம்பருத்தி

பூஜைக்குப் பூப் பறித்து வரவேண்டும். அன்று காலை எனக்கு இடப்பட்ட வேலை அவ்வளவுதான்.

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் காலை நடைக்குப் போகிறவர்கள் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். காம்பவுண்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் பூ ஊருக்குச் சொந்தம் என்பது எங்கள் கொள்கை. 'பூ செடியில் இருந்தால்தான் அழகு' என்று பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அது குழந்தைகளுக்கு!

அன்று எனக்கு முன்னால் யாரோ எல்லாத் தெருவையும் மொட்டையடித்திருந்தார்கள். கடைசியில் ஒரு சந்துக்குள் நுழைந்தேன்.

எங்கும் சாம்பல். இடிந்த சுவர். கவிழ்ந்து கிடந்த கார். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மறுபடியும் ரோட்டைத் தோண்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் ஒரு செடி. அதில் ஒரே ஒரு செம்பருத்தி.

பறித்தேன்.

"கட்! கட்!"

இடிந்த சுவர் ஆடியது. தெர்மாகோல்! அதன் பின்னாலிருந்து ஒரு கூட்டமே ஓடி வந்தது. முன்னால் வந்த தாடி வைத்த பையன்தான் டைரக்டர்.

"ஐயோ, ஏன் மாட்பிட்ரி அங்கிள்!" என்று, என்ன காரியம் செய்துவிட்டீர்கள் என்பதைக் கன்னடத்தில் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"பூ... பூஜைக்கு..."

அவனுடைய அசிஸ்டென்ட் பெண் தமிழில் விளக்கினாள். "அங்கிள், உலகம் அழிஞ்சுபோச்சு. ஹீரோ பாதாள அறையிலேர்ந்து வெளியே வர்றாரு. மிச்சம் இருக்கறது இந்த ஒரு பூதான். அதைப் பார்த்து அழணும். அதுக்குத்தான் இந்த செட்டே!"

"பக்கத்துத் தெருவுல வேற பூ..."

"அங்கேயும் பறிச்சாச்சு. எல்லாம் உங்க ஆளுங்கதான்."

வெயில் ஏறினால் அந்த வெளிச்சம் போய்விடுமாம். இன்னும் ஒரே ஒரு டேக்தான் எடுக்க முடியுமாம்.

பூவைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண் அதைக் காம்போடு சேர்த்துக் குண்டூசியால் குத்தினாள். சத்தியமாக வித்தியாசமே தெரியவில்லை.

"நான் காவல் இருக்கேன். ஒரு ஆளை உள்ளே விடமாட்டேன்!" என்றேன் வீரமாக.

"சரி அங்கிள். ஆனா வாயைத் திறக்கக் கூடாது. மூச்சு விட்டாக்கூட மைக்ல விழும்."

கேமரா ஓடியது. ஹீரோ கந்தல் உடையில் தவழ்ந்து வந்தார்.

அப்போது சந்தின் மறுமுனையில் ஒரு கவர் தெரிந்தது. கவரைப் பிடித்துக்கொண்டு என் மனைவி சரளா! போன மனுஷன் திரும்பவில்லையே என்று தானே கிளம்பிவிட்டாள்.

கத்த முடியாது. இரண்டு கைகளையும் வீசினேன். பூவைச் சுட்டிக்காட்டித் தலையை ஆட்டினேன். 'தொடாதே' என்பதை உடம்பாலேயே சொல்லிப் பார்த்தேன்.

சரளாவின் முகம் மலர்ந்தது. 'இங்கே இருக்கு, சீக்கிரம் வா' என்று கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டாள். சாம்பலைத் தாண்டி விறுவிறுவென்று வந்தாள். தவழ்ந்துகொண்டிருந்த ஹீரோவை, பாவம், சுற்றிக்கொண்டுதான் போனாள்.

பறித்தாள்.

"ஏங்க, கண்ணு முன்னாடி பூவை வெச்சுக்கிட்டு டான்ஸ் ஆடிட்டு நிக்கிறீங்க? ஐயய்ய, குண்டூசி!"

ஒரே பூவை ஒரே காலையில் இரண்டு முறை பறித்த குடும்பம் வேறு இருக்காது.

டைரக்டர் இந்தத் தடவை கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஹீரோ மட்டும் வெறும் காம்பைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். நடிப்பில்லை, நிஜ அழுகை. "நிறுத்தாதே, நிறுத்தாதே," என்று டைரக்டர் கேமராக்காரரின் தோளைத் தட்டினான்.

"கதையை மாத்திட்டோம் அங்கிள்," என்றாள் அந்தப் பெண், எல்லாம் முடிந்த பிறகு. "உலகத்துல பூவே இல்லை. காம்புதான். அழுகை சூப்பரா வந்திருக்கு!"

படத்தில் உலகத்தை அழித்தது ஒரு விண்கல் என்றுதான் வருமாம். எங்கள் பெயரைச் சொல்லவில்லை. நல்ல பிள்ளைகள்!