எட்டு டம்ளர் எஞ்சின்

‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல வராதவன் நான். இதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. படவேண்டிய வெட்கத்தையெல்லாம் துபாய்க்குப் பக்கத்தில் ராஸ் அல் கைமாவில் ஒரு சனிக்கிழமை காலையில் மொத்தமாகப் பட்டு முடித்துவிட்டேன்.

அங்கே ஒரு டைல்ஸ் கம்பெனியில் எனக்கு மெயின்டனன்ஸ் இன்ஜினியர் வேலை. சொந்த ஊர் கோயம்புத்தூர். இந்த இரண்டாவது தகவல்தான் ஆபத்தானது. கோயம்புத்தூர்க்காரன் என்றால் லேத்தும் ஃபவுண்டரியும் ரத்தத்திலேயே ஓடும் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். நினைக்காவிட்டால் நாங்களே எடுத்துச் சொல்வோம். (என் அப்பா தபால் ஆபீஸில் ஸ்டாம்ப் விற்றவர். லேத்தை நான் முதன்முதலில் பார்த்தது காலேஜில். அதுவும் கொஞ்சம் தள்ளி நின்று.)

எங்கள் ஃப்ளாட் ஓனரின் மகன் காலித். இருபத்தெட்டு வயது, தங்கமான மனசு. பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி, கூரையை அறுத்துத் தாழ்த்தி, பானெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, எஞ்சின் முழுதும் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தான். இதற்கு ஹாட் ராட் என்று பெயர். நம் ஊரில் ஒரு கார் இந்தக் கோலத்தில் நின்றால் மெக்கானிக் போன் எடுக்கவில்லை என்று அர்த்தம்.

அந்தச் சனிக்கிழமை ஒரு கார் ஷோ. அதில் கையால் செய்த எஞ்சின் பாகங்களுக்கென்றே தனிப் போட்டி. இரண்டு வருடமாக லீவு நாளெல்லாம் காலித் அதற்காகத்தான் உழைத்தான். பிராக்கெட், மூடி, பெட்ரோல் குழாய் எல்லாம் அவனே அறுத்து ராவிச் செய்தவை. பாக்கி இருந்தது எஞ்சினுக்கு மேலே நின்று காற்றை இழுக்கும் எட்டுக் குழல்கள் மட்டும். வாய் விரிந்து, விளிம்பு வெளிப்பக்கம் மடங்கி இருக்க வேண்டும்.

“பாய், கடையில வாங்கினா போட்டியில சேர்க்க மாட்டாங்க. கையால செய்யணும். உங்களால முடியுமா?” என்றான் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. (நாங்கள் பேசியது பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். இந்த ‘பாய்’ இந்தி அண்ணன்.)

“மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்ல. எங்க ஊர்ல இதெல்லாம் வீட்டுக்குப் பின்னாடி செய்வாங்க” என்றேன்.

திங்கள் முதல் புதன் வரை டூட்டி முடிந்ததும் அலுமினியக் குழாயை லேத்தில் பிடித்து வாயை விரித்தேன். ஒவ்வொன்றும் ‘டப்’ என்று வெடித்து நாலைந்து இதழாகப் பிரிந்தது. எங்கள் வெல்டர் சித்திக் பாய், கீழக்கரைக்காரர், ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், கொழல் மாதிரி இல்ல. செம்பருத்திப் பூ மாதிரி நல்லா வந்திருக்கு” என்றார்.

வியாழக்கிழமை காலை. மறுநாள் என் மச்சான் துரைசாமியும் அவர் மனைவியும் பொள்ளாச்சியிலிருந்து விசிட் விசாவில் வருவதாக இருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு அண்ணன் கொடுத்த எவர்சில்வர் டம்ளரில்தான் அவருக்குக் காபி கொடுக்க வேண்டும் என்று, பன்னிரண்டு டம்ளர் கொண்ட பெட்டியை என் மனைவி மாலதி அலமாரி உச்சியிலிருந்து இறக்கிச் சமையல் மேடையில் பிரிக்காமலே வைத்துவிட்டுப் போனாள். (ஸ்கூல் டீச்சர்; ஆறரைக்கே பஸ்.) நல்ல பாத்திரம் என்பதால் பதினொரு வருடமாக யாரும் தொட்டதில்லை. சும்மா பார்க்கலாம் என்றுதான் திறந்தேன், சத்தியமாக.

வாய் விரிந்திருந்தது. விளிம்பு வெளிப்பக்கம் மடங்கியிருந்தது. ஆண்டவனே காலித்துக்காகச் செய்து அனுப்பிய மாதிரி இருந்தது.

எட்டை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அடியை அறுத்துவிட்டு, கீழே வளையம் வைத்து வெல்டு அடிக்கச் சொன்னேன். சித்திக் பாய் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“சார், பேரு வெட்டியிருக்கே. கல்யாணப் பாத்திரமா? வீட்ல தெரியுமா?”

“தெரியும்.” (தெரியாது என்று சொல்லத்தான் எனக்கு வராது. பொய் நன்றாக வரும்.)

பெயரை அழிக்கப் பஃபிங் போட்டேன். பொள்ளாச்சியில் பெயர் வெட்டிய ஆள் கல்வெட்டு வெட்டியிருக்க வேண்டியவர். தேய்க்கத் தேய்க்க டம்ளர் கண்ணாடியாக மின்னியது; எழுத்து முன்பைவிடப் பளிச்சென்று எழுந்து நின்றது. சரி, போகட்டும், எழுத்துப் பக்கத்தை டிரைவரைப் பார்க்கத் திருப்பிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே மாட்டிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் தெருவே அதிர்ந்தது. காலித் அரபிகள் வழக்கப்படி என் மூக்கோடு மூக்கை உரசினான். பிறகு குனிந்தான்.

“பாய், இது என்ன எழுத்து?”

“ஹீட் நம்பர். எந்த உலையில உருக்கின ஸ்டீல்னு கம்பெனி போடுற அடையாளம்.”

“இவ்வளவு நீளமாவா?”

“ஏரோஸ்பேஸ் கிரேடு.”

அவன் பயபக்தியோடு விரலால் தடவிப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

வீட்டில் மாலதி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். “ஏனுங்க, நாலுதான் இருக்குது. மிச்சம் எட்டு எங்கீங்க?”

“நாம கொண்டு வந்ததே நாலுதானே? மிச்சம் உங்கம்மா வீட்லதான் இருக்கும்.”

உடனே பொள்ளாச்சிக்குப் போன் பறந்தது. வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் வந்தார்கள். அண்ணன், அண்ணி, மாலதி, என் மகள் நாலு பேருக்கும் டம்ளரில் காபி. எனக்குப் பேப்பர் கப்பில். அந்த நேரம் பார்த்துக் காலித் பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்து, நாளைக்கு எல்லாரும் ஷோவுக்கு வந்தே ஆகவேண்டும் என்றான். “மாப்ள செஞ்ச எஞ்சினுங்களா? கட்டாயம் பாக்கோணும்” என்று மச்சான் வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். எழுத்து பின்பக்கம்தானே இருக்கிறது என்று நானும் தலையாட்டினேன்.

சனிக்கிழமை போய்ப் பார்த்தால் எட்டுக் கல்வெட்டும் முன்பக்கம் நின்று மின்னுகின்றன.

“இவ்வளவு அழகான எழுத்தை ஏன் பாய் பின்னாடி மறைச்சீங்க? நேத்து உக்காந்து எல்லாத்தையும் திருப்பிட்டேன்” என்றான் காலித்.

வெள்ளைத் தாடி வைத்த நடுவர் ஒருவர் வந்தார். குழல்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. எழுத்தைக் காட்டிக் கேட்டார். காலித் நெஞ்சை நிமிர்த்தி, “ஹீட் நம்பர். ஏரோஸ்பேஸ் கிரேடு. எங்க பாய் கையால செஞ்சது” என்றான். அவர் எதையோ மதிப்போடு குறித்துக்கொண்டார்.

என் மச்சானுக்கு ஒரு பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் பாத்திரத்தில் யார் பெயர் வெட்டியிருக்கிறது என்று படிக்காமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எஞ்சின் மேல் குனிந்தார். சத்தமாகத்தான் படித்தார்.

“குமரேசன்... மாலதி... திருமணம்... அன்பளிப்பு... அண்ணன் துரைசாமி... அண்ணி சரசு.” நிமிர்ந்தார். “மாப்ள, இது நாந்தானுங்க.”

மாலதி எட்டையும் வரிசையாகக் குனிந்து படித்து முடித்தாள். எட்டிலும் அதே வாசகம்தான். இருந்தாலும் ஒன்றைக்கூட விடவில்லை. பிறகு, “என்ற அம்மா ரெண்டு நாளா இந்த எட்டையும் தேடி அட்டாலில ஏறி எறங்கிட்டிருக்குதுங்க. அறுபத்தெட்டு வயசு” என்றாள்.

என்ன எழுதியிருக்கிறது என்று காலித் கேட்க, என் பத்து வயது மகள் அழகான இங்கிலீஷில் விளக்கினாள்: அம்மா அப்பா கல்யாணப் பரிசு, மாமா கொடுத்தது, காபி குடிப்பதற்கு. நடுவர் குறித்ததை நிதானமாக அடித்தார். கடையில் வாங்கிய பொருள். போட்டியில் சேர்க்க முடியாது, சாரி. அடுத்த காருக்குப் போய்விட்டார். கலாஸ், கதை முடிந்தது.

இரண்டு வருட லீவு நாளெல்லாம் அந்த ஒரு கோட்டில் போயின. காலித் கத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவன் ஸ்பேனரை எடுத்து முதல் டம்ளரைக் கழற்ற ஆரம்பித்தான். “சிஸ்டர், இது உங்க கல்யாணப் பொருள். நான் வெச்சுக்கிட்டா ஹராம்” என்றான்.

மச்சான் அவன் கையைப் பிடித்தார். “வேண்டாம்னு சொல்லுங்க மாப்ள. அடி இல்லாத டம்ளர வெச்சு நாங்க என்ன பண்றது?”

அதையும் நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. மொழிபெயர்த்துவிட்டு, நாற்பத்தொரு வயதில் முதல்முறையாகச் சொன்னேன்: “காலித், எனக்குக் குழல் செய்யத் தெரியாது.”

“எனக்கும்தான் தெரியாது பாய்” என்றான் அவன். “ஞாயித்துக்கிழமையே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து கத்துக்கிட்டிருக்கலாமே.”

அன்றைக்கு வாங்கியதிலேயே எனக்கு அதிகம் வலித்தது இதுதான்.

அடுத்த வருடம் அவனே இருபது முப்பது செம்பருத்திப் பூ செய்து, கடைசியில் எட்டுக் குழலும் செய்து, அதே போட்டியில் கோப்பை வாங்கினான். பிறகு மச்சானோடு வாட்ஸப்பில் பேசி (எந்த மொழியில் என்று இன்றுவரை தெரியவில்லை) ஒரு பார்சல் வரவழைத்தான். பன்னிரண்டு எவர்சில்வர் டம்ளர். பெயர் வெட்டியது அதே ஆள், அதே ஆழம்: ‘அக்கா மாலதிக்கு, தம்பி காலித் அன்பளிப்பு’. மாலதி அதைப் படித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆக, பழசும் புதுசுமாக வீட்டில் இப்போது பதினாறு டம்ளர். ஆள் மூன்று பேர். இருந்தாலும் எனக்குக் காபி இன்றுவரை பேப்பர் கப்பில்தான். விருந்தாளி யாராவது ஏன் என்று கேட்டால் மகள் கப்பைத் திருப்பிக் காட்டுவாள். தினமும் மார்க்கரால் அவள் எழுதி வைப்பதுதான்: ‘ஹீட் நம்பர். ஏரோஸ்பேஸ் கிரேடு.’