கிளச்சண்ணன் செய்த நல்ல சுருக்கு

பன்றிக்கு வைக்கிற சுருக்கைத் தன் இடுப்பில் மாட்டி, மறுமுனையைப் புளியமரத்தில் கட்டி, அப்படியே உட்கார்ந்து ஆறு இட்லி சாப்பிட்டுக் காட்டிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். எனக்கு நன்றாகத் தெரியும். சட்னி ஊற்றியதே நான்தான்.

அவர் பெயரைக் கேட்காதீர்கள், பிள்ளைகளே. கேரளாவில், கஞ்சிக்கோட்டுக்குக் கிழக்கே, மலையடியில் இருக்கிற எங்கள் ஊரில் யாருக்கும் அது தெரியாது. பைக் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பஞ்சர் என்று போனாலும் முதலில் கிளச்சைத்தான் பிடித்துப் பார்ப்பார். அதனால் கிளச்சண்ணன்.

ஒரு மழைக்காலத்தில் ஊரிலுள்ள எல்லா வண்டிக்கும் ஒரே சமயத்தில் கிளச்சு கேபிள் போய்விட்டது. தினமும் நாலு பேர் வந்து பழைய கேபிள் கேட்டார்கள். வண்டியே இல்லாதவர்களும் கேட்டார்கள். நானும் போனேன். என்னுடையது கியர் இல்லாத ஸ்கூட்டர். அதில் கிளச்சே கிடையாது.

“அண்ணா, கிளச்சு கேபிள் ஒண்ணு வேணுமுங்க.”

அண்ணன் என் ஸ்கூட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏனுங், புடிக்கறதுக்கு டைட்டா இருக்குதுங்களா?”

“ரொம்ப டைட்டுங்கண்ணா.”

கேபிள் நுனி பிரியாமலிருக்க ஈயத்தை மிளகு மாதிரி உருட்டி வைத்துக் கொடுத்தார். அவர் கடை கேபிளுக்கு அதுதான் அடையாளம்.

விஷயம் இதுதான். காட்டுப்பன்றி வந்து கடலையையும் கப்பைக் கிழங்கையும் தோண்டித் தின்றுகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் கேபிளை வளையமாகச் சுருக்கிட்டு வேலிச் சந்தில் தொங்கவிட்டார்கள். உள்ளே நுழைந்த மிருகம் இழுக்க இழுக்க அது இறுகும். சட்டப்படி குற்றம். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நானும் ஒன்றைத் தொங்கவிட்டுவிட்டுப் பொள்ளாச்சிக்குக் கல்யாணத்துக்குப் போனேன். இரண்டு நாள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அண்ணனுக்கு ஒரு நாய் உண்டு. பெயர் பிளக்கு. அந்த இரண்டு நாளும் அதைக் காணவில்லை. மூன்றாம் நாள் காலையில், இடுப்பில் இறுகிய கேபிளோடும், பிடுங்கிய வேலிக்குச்சியோடும் கடை வாசலில் வந்து விழுந்தது. அண்ணன் கட்டரால் அறுத்தார். நுனியைத் திருப்பிப் பார்த்தார். மிளகு மாதிரி ஈயம்.

“நம்ம கடைச் சாமானுங்க,” என்றார்.

நின்றிருந்த எல்லோரும் தரையைப் பார்த்தோம். வேலிக்குச்சியில் பச்சைப் பெயிண்ட் இருந்தது. எங்கள் ஊரில் வேலிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தவன் நான் ஒருவன்தான்.

பிளக்கு பிழைத்துக்கொண்டது. இடுப்பைச் சுற்றி மட்டும் முடி முளைக்கவில்லை. ஆனால் அண்ணனுக்கு ஒரே யோசனை. தன் கேபிளில் இன்னொரு நாய் மாட்டிச் சாகக்கூடாது.

“வெக்காதீங்கன்னா எவன் கேக்கறான்? கடலை போச்சுன்னா அவனும் என்னதான் பண்ணுவான்? நாய் சாகாத சுருக்கு ஒண்ணு பண்ணி, அதுக்கு மட்டும் சர்க்கார்ல பர்மிஷன் வாங்கிப்போடோணும்.”

செய்தார். கேபிளில் இரும்பு நெட்டு ஒன்றை இறுக்கினார். வளையம் பன்றிக் கழுத்தளவில் நின்றுவிடும், அதற்குமேல் இறுகாது. நாய் மாட்டினால் உருவிக்கொண்டு ஓடிவிடலாம். கேபிள் முறுக்கிக்கொள்ளாமலிருக்க சைக்கிள் பெடல் பேரிங். பின்னால் தளராமலிருக்க ஒரு பூட்டு. இட்லிப் பரீட்சை அப்போதுதான் நடந்தது. அண்ணன் ஒல்லி. ஆறாவது இட்லி முடிந்ததும் வேட்டியை அவிழ்ப்பது மாதிரி உருவிக்கொண்டு வந்துவிட்டார்.

மலையாளத்தில் விண்ணப்பம் எழுத ஆள் வேண்டுமென்றார். பச்சைப் பெயிண்ட்காரன் எப்படி முடியாதென்று சொல்வது? எழுதினேன். இருவரும் அவர் மொபெட்டில் வனத்துறை ஆபீசுக்குப் போனோம்.

அங்கிருந்த சார் மலையாளி. நல்ல மனிதர். நல்ல தொப்பை.

“சுருக்கு வச்சால் கேஸாணு சேட்டா. நல்ல சுருக்கு, மோசம் சுருக்குன்னு சட்ட நியமத்தில் இல்லா.”

“ஒருக்கா மாட்டிப் பாருங்க சார். ஒரு கீறலு உழுந்தா கேஸ் போட்டுக்கோங்க.”

சார் சிரித்துக்கொண்டே இடுப்பில் மாட்டிக்கொண்டார். மறுமுனை முற்றத்துப் பலாமரத்தில். இரண்டு எட்டு வைத்தார். டக்கென்று நின்றது.

“கொள்ளாம், நல்லதாணு. வலி இல்லா. இனி கழட்டு.”

அண்ணன் யோசித்தார்.

“பன்னிய எதுக்குங்க சார் கழட்டோணும்?”

பூட்டு விழுந்த வளையம் தொப்பைக்கு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கட்டர் கடையில் இருந்தது. அண்ணன் மொபெட்டில் பறந்தார். கடை வாசலில் ஒரு பைக் நின்றிருந்ததாம். வந்த வண்டியைப் பார்க்காமல் விடுகிற வழக்கம் அவரிடம் கிடையாது. கிளச்சைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். சரியில்லை.

இங்கே மழை பிடித்தது. நான் குடை பிடித்தேன். சார் மரத்தடியிலேயே டீ குடித்தார், ஃபைல்களில் கையெழுத்துப் போட்டார். அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் விட்டுப்போன துணிப்பையிலிருந்து, என் காலடியில், மணி அடித்தது.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சார் பேனாவை மூடினார். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் வருமோ?”

“வந்துருவாருங்க சார்.”

“வலி ஒண்ணும் இல்லா. பின்னே, ஆள் வருமோ வராதோன்னு ஒரு பயம். பன்னிக்கும் இதே பயம் தன்னெ இல்லே?”

நான் குடைக்கம்பியை எண்ணினேன். எட்டு. பொள்ளாச்சிக் கல்யாணத்தில் இரண்டு வேளை பாயசம் சாப்பிட்டதும் ஞாபகம் வந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து அண்ணன் வந்து அறுத்தார். சார் கேஸ் போடவில்லை, திட்டவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“சேட்டா, சுருக்கு நல்லது. சம்மதிச்சு. வச்சவன் வந்து நோக்கலைன்னால்?”

அண்ணன் நெட்டைப் பார்த்தார், பேரிங்கைப் பார்த்தார், அறுந்த கேபிளைப் பார்த்தார்.

“அதுக்கு நெட்டு இல்லீங்க சார்,” என்றார். விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து பழைய கேபிளை யார் கேட்டாலும் தருவதில்லை. கழற்றியதுமே விரல் நீளத்துண்டுகளாக வெட்டி டப்பாவில் போட்டுவிடுகிறார். புதுக் கேபிள் என்றால் வண்டியைக் கொண்டுவர வேண்டும், அவரே மாட்டுவார். ஊரில் எல்லா வண்டியின் கிளச்சும் திடீரென்று சரியாகிவிட்டது. பன்றி இன்னும் வருகிறது. நான் வேலியை நெருக்கிக் கட்டியிருக்கிறேன். பெயிண்ட் அடிக்கவில்லை.

பச்சைக் குச்சியைப் பற்றி அண்ணன் இன்றுவரை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஸ்கூட்டரைக் கொண்டுபோய் நிறுத்தினால் பிளக்கு வந்து என் செருப்பின்மேல் படுத்துக்கொள்ளும். அண்ணன், மற்ற வண்டியில் கிளச்சு இருக்கிற இடத்திலுள்ள இடதுபக்கப் பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பார்.

“ஏனுங், கிளச்சு இப்ப எப்படி இருக்குதுங்க?”

“டைட்டு இல்லீங்கண்ணா.”

“எதுக்கும் இருக்கட்டுமுங்க,” என்று இரண்டு சொட்டு எண்ணெய் விடுவார். நான் வேண்டாமென்று சொல்வதில்லை.