பியருக்குப் பருவம் சொல்பவர்

மழை தூறினால் அட்டை வரும். அட்டன் வைன் ஸ்டோர்ஸில் புது லேபல் தெரிந்தால் பருவம் சொல்பவர் வருவார். இரண்டுமே ஒட்டிக்கொண்டால் லேசில் விடாது.

டிசம்பரில் மட்டும் வருகிற கறுப்பு பியரைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, குலுக்காமல் திருப்பி, லேபலை மூக்குக்கண்ணாடிக்கு மேலால் வாசித்து, பின்னால் நிற்கிற பத்துப் பேரும் பல்லைக் கடிக்கும்வரை காத்திருந்து, பிறகு கேட்பார்: “கம்பனிக்காரன் ஏன் இத வருசத்துல ஒரு தடவ மட்டும் விடுறான், தெரியுமாங்க?”

தெரியாது என்றால் அரை மணி நேரம். தெரியும் என்றால் ஒரு மணி நேரம்.

புது பார்லி வரும் காலம், குளிர்பெட்டி இல்லாத நாளில் வெயிலில் காய்ச்சினால் கெட்டுவிடும் என்ற பயம், குளிருக்குக் கனமானது, வெயிலுக்கு லேசானது என்று அடுக்குவார். எல்லாம் சரிதான், யார் மறுத்தார்கள்? ஆனால் வருடம் பூராவும் கிடைத்தால் யார் முண்டியடிப்பார்கள் என்கிற கம்பனியின் காரணத்தை மட்டும் அவர் வாய் சொல்லாது. முண்டியடிப்பவர்களில் முதல் ஆளே அவர்தானே!

எங்கள் நோர்வூட் தம்பிஐயா இந்த இனத்தில் உயர்ந்த ரகம். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாடப் போட்டு, ரோலரில் சுருட்டித் தூளாக்கும் டீமேக்கராக முப்பத்தொரு வருடம் இருந்தவர். அவருக்கு உலகத்தில் எல்லாமே கொழுந்துதான்.

போன சித்திரை வருடப்பிறப்புக்கு அவர் வீட்டுக்குப் பெண் பார்க்க வட்டவளையிலிருந்து பொன்னையா வந்தார். தம்பிஐயாவின் மகள் லோஜினியும் பொன்னையாவின் மகன் துஷாந்தும் நான்கு வருடமாகக் காத்திருந்தது இந்தப் பொன்னையாவின் ஒரு தலையாட்டலுக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் இருந்தேன், வடைக்காக.

அன்று சாராயக் கடைகள் பூட்டு. தம்பிஐயாவுக்கா கவலை? டிசம்பரிலேயே நான்கு போத்தல் வாங்கி அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தார். கிளாஸில் ஊற்றினார். நுரை இல்லை. ஒரு குமிழி? அதுவும் இல்லை.

“வாட்டம் பாத்தீங்களா, சம்பந்தி? காலையிலயே மூடியத் தொறந்து காத்தாட வச்சுட்டேன். கொழுந்த வாடப் போடாம ரோலருக்கு அனுப்புவாங்களா?”

பொன்னையா, நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் பியர் ஊற்றிக் கொடுத்தவர். ஒரு மிடறு குடித்தார். கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். குசினி வாசலில் லோஜினியின் முகம் வெளுத்துவிட்டது. இதற்குள் தம்பிஐயா பார்லியிலிருந்து பருவக்காற்றுக்குப் போய்விட்டிருந்தார்.

“இது வருசத்துல ஒரு தடவதான் வருதாங்க?” என்றார் பொன்னையா.

“ஒரே தடவதாங்க!”

“நல்லவேள.”

தம்பிஐயாவின் மனைவி குணபூசணியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. வடைத் தட்டோடு வெளியே வந்தார்.

“பியராச்சும் ஒரு தடவதாங்க. இவரு வருசம் பூரா இப்படித்தான். எம் மக அப்படி இல்லீங்க. கேட்டா மட்டுந்தான் பேசுவா.”

வாயில் வடையோடு பொன்னையா சிரித்த சிரிப்பில் வடைத்தூள் என் சட்டை வரைக்கும் பறந்தது.

“அப்ப பொண்ணு எங்களுக்குச் சரிங்க. ஆனா தேதிய நாங்கதான் குறிப்போம். ஒங்ககிட்ட விட்டா அதையும் வாடப் போட்டுருவீங்க.”

லோஜினி குசினிக்குள் ஓடினாள். தம்பிஐயா மட்டும், கல்யாணத்துக்கு ஏற்ற ஈரப்பதம் எந்த மாதத்தில் என்று என்னிடம் ஆரம்பித்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நான்காவது பத்தியிலிருந்தே, ‘இவருக்கு விஷயம் தெரியவில்லை, அந்தப் பியர் அந்த மாதத்தில் வருவதற்கு உண்மையான காரணம் வேறு’ என்று உங்கள் நாக்கு துறுதுறுக்கிறதே, அதை நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்? வேண்டாம், சொல்லாதீர்கள். உங்கள் வீட்டிலும் பெண் பார்க்க வருவார்கள்.