மருமகள் காதுகுத்தும் நான் அறுத்த வூஃபரும்

எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியும் என்று சொன்னால் எங்கள் குடும்பத்தில் பால்குடிப் பிள்ளைகூடச் சிரிக்கும். சிரிக்கட்டும். நான் முறையாக டிப்ளமோ படித்தவன். (இரண்டு பேப்பர் இன்னும் பாக்கி. அதை இங்கே யாரும் கேட்கவில்லை.)

கோவில்பட்டியில் ஒரு செல்போன் கடையில் டிஸ்பிளே மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. அக்காவைப் புதூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தான் வீட்டில் ஆடுதான் பிழைப்பு. மனுஷன் திடீரென்று கிடையில் பாதியை விற்று மைக்செட் வாங்கிவிட்டார். “ஆடுன்னா குட்டி போடும். இந்தப் பெட்டி என்னத்தப் போடும்?” என்று அக்கா கேட்டாள்.

அந்த செட் முதன்முதலாகப் பாடியது அவர்கள் மகள் காதுகுத்தில். அதைக் கேட்பதற்கென்றே பக்கத்து ஊர்க் கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டியிலிருந்து அய்யாத்துரை அண்ணாச்சி வந்து, முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் மூன்று நாள் கொடைக்கு அத்தான் செட்தான். ஒரு கொடையில் பேர் வாங்கிவிட்டால் சுற்றுப்பட்டி எல்லாம் தேடி வரும். பிடிக்காவிட்டால் விற்ற ஆட்டை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அத்தான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நான் தாய்மாமன். வேன் பிடித்து சீர் கொண்டுபோயிருந்தேன். அதில் பெரிய சாமான் ஓர் எவர்சில்வர் அண்டா. மூடி உண்டு, உள்ளே இரண்டு டஜன் டம்ளரும் உண்டு. இத்தனை பெரிய சாமானைத் தரையில் வைத்தால் யார் பார்ப்பார்கள்? பந்தலில் உயரமான இடமாகத் தேடி, இடது பக்க ஸ்பீக்கர் பெட்டியின் தலையில் தூக்கி வைத்தேன். (என் பெயர் வெட்டியிருந்த பக்கம் ஜனங்களைப் பார்க்கிற மாதிரி திருப்பியும் வைத்தேன்.)

மைக்கில் பேசியபோது சுத்தமாக இருந்தது. மேளம் போட்ட பாட்டு வந்ததும் இடது பக்கமிருந்து “கர்ர்ர்” என்று ஒரு சத்தம். அண்ணாச்சி காதைக் குடைந்தார்.

“என்னவே, புதுப் பெட்டிங்கீரு, சளி புடிச்ச மாதிரில்லா இருமுது?”

அத்தான் முகம் செத்துவிட்டது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தேன். “அத்தான், நீங்க போயி வந்தவியளக் கவனிங்க. இத நான் பாத்துக்கிடுதேன்.”

“மாப்ள, பெட்டியத் தொறக்காண்டாம்... பாத்துச் செய்யி,” என்றார். அதற்குள் யாரோ அவரை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

முதலில் இரண்டு பெட்டியின் வயரையும் மாற்றிச் சொருகினேன். சத்தம் இடது பெட்டியை விட்டு நகரவில்லை. ஆக ஆம்ப்ளிஃபயர் குற்றமில்லை, குற்றம் பெட்டியில்தான். (இதுவரை என் அறிவு சரியாகத்தான் வேலை செய்தது. இத்தோடு நிறுத்தியிருக்கலாம்.) பாட்டை அணைத்துவிட்டு, சீருக்கு மரியாதை குறையக் கூடாதென்று அண்டாவை இறக்கி வலது பெட்டியின் மேல் ஏற்றினேன். எட்டு ஸ்க்ரூவையும் கழற்றி உள்ளே இருக்கிற பெரிய ஸ்பீக்கரான வூஃபரை வெளியே எடுத்து, அதன் காகிதக் கூம்பை ஓர் ஓரத்தில் கட்டைவிரலால் அமுக்கினேன். ‘சரக்’ என்றது. ஆகா, கண்டுபிடித்துவிட்டேன்! கூம்புக்கு அடியில் இருக்கிற காயிலுக்குள் கரிசல் புழுதி போயிருக்கிறது!

(ஓரத்தில் அமுக்கினால் நல்ல வூஃபரும் ‘சரக்’ என்றுதான் சொல்லும். இரண்டு கையாலும் சமமாக அமுக்க வேண்டும். இதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.)

புழுதியை ஊத வேண்டுமானால் கூம்பின் நடுவில் இருக்கிற கறுப்புக் குமிழை அறுத்தாக வேண்டும். பிள்ளைக்கு மொட்டை போட்டு முடித்து உட்கார்ந்திருந்தவரிடம் போய்ப் பிளேடு கேட்டேன்.

“எதுக்கு தம்பி?”

“ஒரு சின்ன ஆபரேசன்.”

வட்டமாக அறுத்தேன், ஊதினேன். புழுதி ஒன்றும் வரவில்லை. என் எச்சில்தான் உள்ளே போனது. குமிழைத் திரும்ப ஒட்டுவதற்கு உடனே ஒட்டும் பசையைப் பிதுக்கினேன். குமிழில் பாதி, காயிலுக்குள் பாதி, என் இரண்டு விரலில் மீதி. மாட்டிவிட்டுப் பாட்டைப் போட்டால், இடது பெட்டியில் இருமல் சுத்தமாக நின்றிருந்தது. பாட்டும் நின்றிருந்தது.

அடுத்த நொடி வலது பெட்டியிலிருந்து “கர்ர்ர்”.

“அத்தான்! இதுலயும் புழுதி போயிட்டு!” என்று கத்திக்கொண்டே மறுபடி பிளேடை எடுத்தேன்.

அப்போதுதான் அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். “ஏலே, ஆசாரி எம்புட்டு நேரம் ஊசியோட நிப்பாரு? பிள்ள ஒன் மடியில உக்காரணும்லா. இங்கன என்னலே செய்யுத?” என்று என்னை ஏசியபடியே, பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க டம்ளர் எடுப்பதற்காக அண்டாவை ஒரு கையால் இழுத்தாள். அவளால் கனம் தாங்க முடியாததால் நான்தான் தூக்கிப் பிடித்தேன். பாட்டு கண்ணாடி மாதிரி கேட்டது. மூடியைத் திறப்பதற்காகத் திரும்பப் பெட்டிமேல் வைத்தேன். கர்ர்ர். தூக்கினேன், நின்றது. பாழாய்ப்போன கை, நம்ப மாட்டாமல் இன்னொரு தரம் வைத்துப் பார்த்தது. கர்ர்ர்.

பந்தலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தான் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழைத்த முக்கியமான விருந்தாளிக்கு முன்னால், அவருடைய நல்ல வூஃபரை நான் பிளேடு போட்டு அறுத்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்குக் காது அடைத்தது. மனுஷன் என்னை இரண்டு அறை அறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அய்யாத்துரை அண்ணாச்சி சிரிக்க ஆரம்பித்தார். புரையேறித் தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். அப்புறம் அத்தான் தோளில் தட்டினார்.

“எந்திரியும்வே. ஒத்தப் பெட்டியே இந்தப் போடு போடுது. எங்க கொடைக்கு நீரேதான். ஆனா ஒண்ணு, ஒம்ம மச்சினன் அங்கன சாமி கும்பிட மட்டும் வரட்டும்.”

ஆசாரி காது குத்தும்போது என் மடியில் மருமகள் வீல் என்று அழுதாள். ஒட்டிப்போன விரலோடு அவளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். ஊர் அதைத் தாய்மாமன் பாசம் என்று நினைத்துக்கொண்டது.

வூஃபரை மதுரைக்கு அனுப்பிக் காயில் மாற்றினோம். அத்தானிடம் இப்போது எட்டுப் பெட்டி இருக்கிறது. அண்ணாச்சி ஊர்க் கொடை வருஷா வருஷம் அவருக்குத்தான். மருமகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கொடையில் அறிவிப்பு சொல்வது அவள்தான். நான் சாமி கும்பிட வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டால் போதும், மைக்கைப் பிடித்துவிடுவாள்.

“பக்தர்களுக்கு ஓர் அறிவிப்பு. ஸ்பீக்கர் பெட்டி மேல யாரும் பாத்திரம் வைக்க வேண்டாம். பெட்டியில ஏதாவது சத்தம் வந்தா ஆப்பரேட்டர்கிட்டச் சொல்லுங்க. தயவுசெய்து தாய்மாமன்கிட்டச் சொல்லாதீங்க.”

எட்டு வூஃபரும் நல்ல நிலையில் இருப்பதால், ஓர் எழுத்துகூடச் சிதையாமல் ஊர் முழுக்கக் கேட்கிறது.