ஒன்றும் செய்யப்படாதவன் எழுதுவது

அன்புள்ள மைத்துனருக்கு,

உம் ஆராய்ச்சிக்கூடமும் அதன் ஏசியும் நலமென்று நம்புகிறேன். இங்கே உம் பெரிய அக்காள் கட்டிலில் நலம். நான் ஹால் சோபாவில் நலம். இத்தனை காலம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது போதும்.

என் குறட்டை பொறுக்காமல் உம் அக்காள் என்னைப் படுக்கையறையிலிருந்து வெளியேற்றியதும், குறட்டை நின்றால் திரும்பலாம் என்று தீர்ப்பளித்ததும் நீர் அறிந்ததே. குறட்டையை நிறுத்தும் தலையணையோடு நீர் பரிசோதனைக்கு ஆள் தேடி வந்தபோது, கட்டிலுக்கு வழி பிறந்ததென்று தலையைக் கொடுத்தேன். நீரோ நிஜத் தலையணையை என் சகலைக்கும், அதே நீல உறை போட்ட வெறும் பஞ்சை எனக்கும் கொடுத்தீர். எது யாரிடம் என்பது ரகசியமாம். அதை உம் அக்காளிடம் மட்டும் சொன்னீராம். காபி ஆறுவதற்குள் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. கேட்டதற்கு, "அத்தான், இதுல நீங்கதான் ரொம்ப முக்கியம். உங்களுக்கு ஒண்ணும் செய்யாம விட்டாத்தான் அவருக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியும்" என்றீர். இது எனக்குப் புதிதல்ல. அப்பா அண்ணனை மட்டும் டியூஷனுக்கு அனுப்பினார். மேனேஜர் எனக்குப் பின்னால் சேர்ந்தவனைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு என்னை அதே நாற்காலியில் வைத்திருக்கிறார். இவர்களெல்லாம் விஞ்ஞானிகள் என்பது தெரியாமல் வீணாக வருத்தப்பட்டிருக்கிறேன்.

தினமும் காலையில் உம் அக்காள் உமக்குப் போனில் "நேத்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சுடா" என்பாள். சகலை வீட்டிலிருந்து சத்தமே இல்லையென்று தகவல் வரும். எத்தனை நாள் பொறுப்பது? சகலை வீட்டு விருந்துக்குப் போனபோது என் தலையணையைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். எல்லாரும் சாப்பாட்டில் இருந்த சமயம் பார்த்து, அதை அவர் கட்டிலில் வைத்துவிட்டு நிஜத் தலையணையோடு திரும்பினேன். அப்புறமும் அவரிடம் சத்தமில்லை. எனக்கோ, "இப்ப லாரி ரிவர்ஸ்ல வர்ற மாதிரி இருக்கு" என்று அறிக்கை போனது. குழம்பிப்போய் சகலையின் மனைவியை, அதாவது உம் சின்ன அக்காளை, விசாரித்தேன். "அவருக்குக் குறட்டையே கிடையாதே அத்தான். தலையணை சும்மா தர்றான்னுதான் பேரு குடுத்தோம்" என்றாள். ஆக, குறட்டையே விடாதவரின் குறட்டையை நிறுத்தியிருக்கிறீர். கால் முறியாதவனுக்குக் கட்டுப்போட்டு, பாருங்க எப்படி நடக்கிறான் என்பதுதானே இது? உண்மையாகக் குறட்டை விடுகிற என்னிடம் உம் தலையணை பலிக்கவில்லை. இதன் நகல் உம் பேராசிரியருக்கும் போகிறது.

எல்லா வளமும் பெற்று நீடூழி வாழ்வீராக, வேறு துறையில்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உம் அக்காள் இதைப் படித்துவிட்டாள். மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "அந்த விருந்துக்குப் போய்ட்டு வந்த அன்னிக்கே உங்க குறட்டை நின்னுபோச்சு. கட்டில்ல கையைக் காலை நீட்டிப் படுத்துப் பழகிட்டேன். அதான் மாத்திச் சொன்னேன்" என்றாள். திரும்பி வரச் சொல்லவில்லை. ஆகவே உம் தலையணை வேலை செய்கிறது. மேலே எழுதியதையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன். பேராசிரியருக்கு நகல் இல்லை. ஆனால் தலையணையை மாற்றியவன் இன்னான் என்று தெரிந்தால் நீர் அதைத் திருப்பிக் கேட்பீர். கட்டிலும் போய்த் தலையணையும் போனால் நான் எங்கே போவேன்? எனவே, எழுதியவர் யாரென்று உமக்குத் தெரியாதிருக்க, கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.