ஒட்டகத்துக்குள் மனிதன்

ஒட்டக எலும்பில் மறுபடியும் மனித டி.என்.ஏ. வந்திருந்தது. ஆராய்ச்சியாளர் அறிக்கையை மடித்து மேஜை இழுப்பறைக்குள் தள்ளினார்.

மனிதன் ஒட்டகத்தைப் பழக்கி மூவாயிரம் வருடம் இருக்கும். அதற்கும் முந்திய காட்டு ஒட்டகத்தின் தொடை எலும்பு இது. அந்தக் காட்டு இனம் பூண்டோடு அழிந்துவிட்டது. இன்றைய ஒட்டகம் யார் வழி வந்தது என்று இதனிடம்தான் கேட்க வேண்டும். அவரோ கேட்பதை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

வேறு யாரிடம் பேசுவது? மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. மகளுக்குப் போன் போட்டால், "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்பாள். எலும்புக்கு மீட்டிங் கிடையாது. முட்டிவலி, தூக்கமின்மை எல்லாவற்றையும் முகமூடியைக் கழற்றிவிட்டு அதனிடம் சொல்வார். எச்சில் தெறித்துத் தன் டி.என்.ஏ. அதில் ஒட்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. முகமூடிக்குள் பேசினால் மனசு ஆறவில்லை, என்ன செய்ய?

ஆய்வக இயக்குநர் அம்மாள் சிரித்து அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை. "இன்னொரு தடவை இப்படி வந்தா, எலும்பை வேற ஆய்வகத்துக்கு அனுப்பிடுவேன்" என்றார்.

அதுவும் போய்விட்டால் அவருக்கு நாதி ஏது?

எலும்பை மருந்து போட்டுக் கழுவினார். ஒட்டகம் பாதி போயிற்று, மனிதன் அப்படியே இருந்தான். அடுத்து வாயைக் கட்டினார். எலும்பின் பக்கமே திரும்பாமல், மணி ஐந்தடித்ததும் வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மறு சோதனையில் மனித டி.என்.ஏ. இரண்டு மடங்காகியிருந்தது.

பேசாதவன் எச்சில் எப்படிப் பெருகும்? வெட்கத்தை விட்டு, ஆய்வகத்தில் சேர்த்துவைத்திருக்கும் ஊழியர்களின் டி.என்.ஏ. மாதிரிகளோடு ஒப்பிடச் சொன்னார்.

டி.என்.ஏ. படிக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு உம்மணாமூஞ்சி என்று பேர். கேட்ட கேள்விக்குத் தலையாட்டுவதே அதிகம். அவன் முடிவைக் கொண்டுவந்து கதவைச் சாத்தினான்.

"மூணு பேர் எச்சில் இருக்கு சார். ஒண்ணு உங்களோடது."

அது தெரிந்ததுதான் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டாவது நம்ம மேடத்தோடது. நீங்க சீக்கிரம் கிளம்பினதுல அவங்களுக்கு நிறைய நேரம் கிடைச்சிருக்கு."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த அம்மாளுக்கும் வீட்டில் பேச ஆளில்லையா? பாவமாக இருந்தது. மூன்றாவது யாரென்று கேட்டார்.

உம்மணாமூஞ்சி கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டான்.

"மேடம் போனப்புறம்தான் சார் என் முறை வரும்."